வைரமுடியும் உங்க பேக்கப்பும்: 'தனியா வை' என்பது ஏன் முதல் பாடம்?

கர்நாடகாவின் மேல்கோட்டை செலுவநாராயண சுவாமி கோயிலின் வைரமுடி, ஆண்டு முழுக்கக் கோயிலில் இருப்பதில்லை. மண்டியா அரசு கருவூலத்தில் பூட்டியிருக்கும். பங்குனி உற்சவத்துக்கு மட்டும் போலீஸ் காவலோடு வரும்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பிலும் இதே கணக்குதான்: எப்பவும் தேவைப்படாததை எப்பவும் இணைப்பில் வைக்காதீங்க.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் மால்வேர் புகுந்தது. சிக்கியது, இன்டர்நெட்டில் இணைந்திருந்த நிர்வாகப் பணிக்கான கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் நிலையத்துக்குப் பாதிப்பில்லை என்றது இந்திய அணுமின் கழகம்.

உங்க பேக்கப் ஹார்டு டிஸ்க் லேப்டாப்பிலேயே செருகியிருக்கா? ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிடும். காப்பி எடுத்ததும் கழற்றிடுங்க.

மறுபடி செருகும் நேரமும் ஆபத்துதான். முதலில் லேப்டாப்பை ஸ்கேன் பண்ணுங்க. வைரமுடி கருவூலத்தை விட்டுக் கிளம்பும்போதுதானே போலீஸ் கூடவே வருது?