பாணிப் போத்தலா, பட்டாணி ரின்னா: எதில் சத்து?

வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அனுப்பிய பொதியில் இரண்டு பட்டாணி ரின்கள் இருந்தன. அம்மா அவற்றைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். "உந்த ரின் சாப்பாடு முகாமில திண்டது காணும்" என்றார். பிறகு வழமைபோலப் புட்டுக்கு மேல் பனம்பாணியை ஊற்றினார். அவருக்கு நீரிழிவும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. "இது சீனியில்லைத்தானே, பனையின்ர சத்து" என்பது அவருடைய வாதம்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2009 இல் பதுங்குகுழிக்குள் கிடந்த நாட்களில், வெறுந்தேத்தண்ணியோடு கடித்த பனங்கட்டித் துண்டுதான் எங்களை எழுந்து நடக்க வைத்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு அது பேருதவி. ஆனால் இன்று அம்மாவின் உடம்பு கேட்பது வேறு.

இரண்டையும் 100 கிராம் கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பாணி என்பது பதநீரை வற்றக் காய்ச்சியது. அதிலுள்ள இனிப்பு பெரும்பாலும் சுக்குரோஸ், அதாவது கடைச் சீனியில் இருப்பதேதான். 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் சீனியும் 280 கலோரியும் உண்டு. புரதமும் நார்ச்சத்தும் இல்லையென்றே சொல்லலாம். கனிமங்கள் கொஞ்சம் இருந்தாலும், ஒரு கரண்டி பாணியில் கிடைப்பது சொற்பம். ஒரு மேசைக்கரண்டி, சுமார் 20 கிராம், ஊற்றினால் 14 கிராம் சீனி உள்ளே போகும். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீர் வடித்த ரின் பட்டாணி 100 கிராமில் சுமார் 70 கலோரி, 4 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து இருக்கும். ரின்னில் அடைக்கும்போது கொடுக்கும் சூட்டில் விற்றமின் சி பெருமளவு அழிந்துவிடும். நார்ச்சத்தும் புரதமும் அழிவதில்லை.

அப்படியானால் ரின்னில் குறையே இல்லையா? உண்டு. அது உப்பு. 100 கிராமில் அரைக் கிராமுக்கு மேல் இருக்கலாம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்புச் சேர்க்க வேண்டிய பிரஷர்காரருக்கு இது கவனிக்க வேண்டிய அளவு. ரின் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பட்டாணியை நல்ல தண்ணீரில் அலசினால் உப்பு கணிசமாகக் குறையும். கறிக்கு வேறாக உப்புப் போடவும் தேவையில்லை. வீங்கிய, கசியும், மடிப்பில் நசுங்கிய ரின்களை மட்டும் சுவைத்தும் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

வளவில் முருங்கையிலையும் வல்லாரையும் கிடைக்கும் நாளில் ரின்னைத் திறக்கத் தேவையில்லை. மழைவெள்ளத்தில் சந்தை படுத்துவிடும் நாட்களில் அது கைகொடுக்கும்.

பாணிப் போத்தலையும் நாங்கள் எறியவில்லை. இன்சுலின் போடுவோருக்கும் சில குளிசைகள் எடுப்போருக்கும் திடீரென சீனி இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரலாம். அந்த நேரத்தில் பட்டாணி உதவாது. ஒரு மேசைக்கரண்டி பாணி உதவும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு கரண்டி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் போத்தல் இருப்பது குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில். புட்டுக்குப் பட்டாணிக் கறி. "உப்புக் காணாது" என்று அம்மா முறைப்பாடு செய்கிறார். ஆனாலும் கோப்பையில் மிச்சம் வைப்பதில்லை.