ஏழு மணிக்கு எரியும் எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணியளவில் நம் இல்லங்களில் நடப்பவற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கூடத்திலும் அறைகளிலும் விளக்குகள் எரிகின்றன. சமையலறையில் ரைஸ் குக்கர் கொதிக்கின்றது. மறுநாட் பாடசாலைக்கு வேண்டிய வெள்ளைச் சீருடைகளை அம்மா அயன் செய்துகொண்டிருக்கின்றார். பூமரங்களுக்கு விட்டு வெறுமையாகிய தொட்டியை நிரப்புதற்காகக் கிணற்றடியில் நீர்ப்பம்பி முழங்குகின்றது. தொலைக்காட்சிக்கு முன்னால் ஆச்சி. அவருடைய தலைக்கு மேல் மின்விசிறி. பருத்தித்துறை தொடக்கம் தெய்வேந்திரமுனை வரை இலட்சக்கணக்கான வீடுகளில் இதே வேளையில் இதே காட்சிதான்.

மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரையுள்ள இந்த நான்கு மணி நேரத்தையே மின் பொறியியலாளர்கள் உச்ச வேளை என்பர். பகல் பன்னிரண்டு மணிக்குச் செலவாகும் ஓர் அலகு மின்சாரமும் இரவு ஏழு மணிக்குச் செலவாகும் ஓர் அலகு மின்சாரமும் நம் மின்மானியில் ஒன்றாகவே பதியும். அவை பிறக்கும் இடங்களோ வெவ்வேறானவை. உலகம் வெப்பமடைகின்றது, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று நமக்கு ஓயாது கூறுவோர் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஏனோ விளக்கிச் சொல்வதில்லை.

முன்னொரு காலத்தில் மின்சாரம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வந்தது நீர்வீழ்ச்சியே. மலைநாட்டு ஆறுகளின் நீரைக் கொண்டு இத்தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று 1918 ஆம் ஆண்டிலேயே கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார், டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர். லக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950 ஆம் ஆண்டில். இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்! நல்ல யோசனைகளுக்கு நம் நாட்டில் நேரும் கதி இது. எனினும் அவர் 1953 வரை வாழ்ந்து தம் கனவு நனவானதைக் கண்டே மறைந்தார் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல். அந்த மின்சாரத்திற்குப் புகையில்லை, சாம்பலில்லை, கப்பலேறி வரவேண்டிய எரிபொருளுமில்லை.

ஆனால் வீடுகள் பெருகிய அளவுக்கு ஆறுகள் பெருகவில்லை. 1996 ஆம் ஆண்டில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு இருளில் மூழ்கியதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். அதன் பின்னர் வந்தது நிலக்கரி. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் 2011 இல் முதற்பகுதி இயங்கத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாற்று வலுவுடைய நிலையமாக நிறைவுற்றது. களனிதிஸ்ஸ, சப்புகஸ்கந்த முதலிய இடங்களிலோ எண்ணெய் எரிகின்றது. நிலக்கரியினாற் பெறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வாயு வானத்திற் கலக்கின்றது.

இந்த வாயு பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கும் என்பது புதிய செய்தியன்று. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆரேனியசு 1896 ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 இல் அளவெடுக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இப்பொழுது 420 ஐயும் கடந்துவிட்டது. 1850 முதல் 1900 வரையுள்ள காலத்துச் சராசரியைக் காட்டிலும் 1.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் மிகுந்த முதல் ஆண்டாக 2024 அமைந்தது.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் எழுந்து, "உலகம் விடும் புகையில் நம் சிறிய நாட்டின் பங்கு எத்துணை? எமது வீட்டு விளக்கை அணைத்தால் பூமி குளிர்ந்துவிடுமா?" என்று வினவலாம். நியாயமான வினா. குளிர்ந்துவிடாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் இந்தச் சக்கரத்தின் சுழற்சியையும் அவர் கவனிக்க வேண்டும். வெப்பம் கூடும்போது விசிறிகளும் குளிரூட்டிகளும் கூடுதலாகச் சுழல்கின்றன. மழை தவறும்போது மவுசாக்கலையிலும் காசல்ரீயிலும் நீர்மட்டம் இறங்குகின்றது. இரண்டுக்கும் ஈடாக எண்ணெயே எரிக்கப்படுகின்றது. அவ்வெண்ணெயை வாங்கப் பணமில்லாதபோது நிகழ்ந்ததை 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டாக அனுபவித்தோம். மாலையில் நாம் மிச்சம் பிடிக்கும் ஓர் அலகு, ஒன்றில் நீராக நீர்த்தேக்கத்தில் எஞ்சும். அன்றேல் எரிக்காத எண்ணெயாகத் தாங்கியில் எஞ்சும்.

பகலில் நிலைமை தலைகீழ். கூரைகளிற் பொருத்திய சூரிய மின்தகடுகள் பெருகிவிட்டமையால் நண்பகலில் மின்சாரம் மிஞ்சும் நாட்களும் உண்டு. 2025 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பகல் வேளையில் அத்தகடுகளை நிறுத்திவைக்குமாறு அவற்றின் உரிமையாளர்களை மின்சார சபையே வேண்டிக்கொண்டது. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, வெயிலோ கொளுத்தியது, கிடைத்த மின்சாரத்தைக் கொள்வாரில்லை! அதே நாட்களின் மாலையில் சூரியன் மறைந்ததும் பழைய கதைதான். ஆகவே சீருடைகளை ஞாயிறு இரவில் அயன் செய்யாது ஞாயிறு நண்பகலில் ஒரே இருப்பில் அயன் செய்வதும், பம்பியை மதியம் இயக்கித் தொட்டியை நிரப்பிவைப்பதும், ஒரு சதமும் செலவின்றி எவரும் செய்யக்கூடிய காரியங்கள்.

இவற்றை எழுதத் துணியுமுன் எமது இல்லத்திலேயே ஒரு மாதம் சோதித்துப் பார்த்தோம். வெட்கத்தை விட்டு அந்தக் கதையையும் கூறிவிடுகின்றோம்.

பிள்ளைகள் அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பதில்லை என்று நாம் ஆண்டுக்கணக்காக ஏசி வந்தோம். தரம் பத்திற் பயிலும் மகன், "அப்பா, முதலில் மின்மானியைப் பார்ப்போம்" என்றான். இரவு பத்து மணிக்கு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு அளவைக் குறித்தான். காலை ஐந்து மணிக்கு மீண்டும் குறித்தான். அந்த ஏழு மணி நேரத்தில் இரண்டு அலகுக்கு மேல் செலவாகியிருந்தது. மின்விசிறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாற்று. அவற்றுக்கு ஓர் அலகு. குளிர்சாதனப் பெட்டிக்குக் கூடினால் அரை அலகு. எஞ்சிய முக்கால் அலகை உண்டது யார்?

மறுநாளிரவு அவன் உறங்காது காத்திருந்து கண்டுபிடித்தான். மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியின் இறப்பர் வளையம் தேய்ந்து, நீர் ஓசையின்றி ஒழுகிக்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் நீர் குறையக் குறையக் கிணற்றடிப் பம்பி தானாகவே இயங்கி நிரப்பியது. நாம் குறட்டைவிட்டுக் கொண்டிருந்தோம்! இரவில் முக்கால் அலகென்றால் நாள் முழுவதற்கும் இரண்டு அலகுக்கு மேல். மாதத்திற்கு அறுபது அலகுக்கு மேல். 9 வாற்று மின்குமிழ் ஒன்றை இரவும் பகலும் அணையாது ஒன்பது மாதம் எரித்தாலும் அவ்வளவு ஆகாது. நாம் ஏசியதெல்லாம் அந்த மின்குமிழைப் பற்றித்தான். அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் ஏறும் முறையில் கட்டணப் பட்டியல் வருவதால், அந்தச் சிறு வளையம் எமக்கு இழைத்த நட்டத்தை இங்கே எழுத மனம் வரவில்லை. புதிய வளையம் பொருத்தினோம்; பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டோம்.

அதன் பின்னர் அவன் கணக்குப் போடாத பொருள் வீட்டில் இல்லை. பத்து லீற்றர் நீரைக் கேத்தலிற் கொதிக்கவைக்க ஏறத்தாழ ஓர் அலகு வேண்டும். அதே ஓர் அலகில் அந்த 9 வாற்று மின்குமிழ் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். வெப்பம் உண்டாக்கும் கருவிகளே மின்சாரத்தை விழுங்குவன என்பது இதனால் விளங்கும். இரண்டு கோப்பைத் தேநீருக்குக் கேத்தல் நிறைய நீரை வைப்பது எமது இல்லத்தில் இப்பொழுது குற்றம். மிஞ்சிய வெந்நீர் சுடுநீர்ப் போத்தலுக்குச் செல்கின்றது. சூடான குழம்புச் சட்டியைக் குளிர்சாதனப் பெட்டியினுள் வைக்கும் வழக்கமும் நின்றுபோயிற்று. பெட்டியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்ததைச் சற்று முன்னுக்கு இழுத்துவிட்டோம். வெப்பம் வெளியேற வழியில்லாவிடில் அதன் இயந்திரம் ஓய்வின்றி உழைக்கும். பழைய விசிறி பழுதடைந்தால், 30 வாற்றளவில் இயங்கும் புதிய வகை விசிறியொன்றை வாங்குவதாக உத்தேசம். ஓடுவதைக் கழற்றியெறிய எமக்கு மனமில்லை.

இந்த ஆரவாரங்களையெல்லாம் ஆச்சி ஒருவித நகைப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 ஆம் ஆண்டில் மின்சாரம் அற்றுப்போன பின், பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்தவர் அவர். போத்தலுக்குள் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மெல்லிய திரி. அந்த வெளிச்சத்தைச் சுற்றியிருந்து படித்துப் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளைகள் எத்தனையோ பேர். அதைச் சிக்கனம் என்று புகழ்ந்து பேசினால் ஆச்சிக்குக் கோபம் வரும். "அது சிக்கனமில்லை ராசா, இல்லாமை. பேரப்பிள்ளையளுக்கு அந்த வெளிச்சம் வேண்டாம்" என்பார். பேரன் அவருடைய விசிறியை மட்டும் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த மாதப் பட்டியல் வந்தபோது அலகுகள் கணிசமாகக் குறைந்திருந்தன. அயன் பெட்டி நண்பகலுக்கு மாறிவிட்டது, பம்பியும் மாறிவிட்டது. இனி ரைஸ் குக்கரையும் அடுப்பையும் பகலுக்கு மாற்றலாமே என்று மகன் யோசனை கூறினான். இரவு உணவைப் பிற்பகல் மூன்று மணிக்கே ஆக்கி வைத்துவிடலாமாம். "ஆறின புட்டை ஆரடா தின்னுறது?" என்றார் ஆச்சி. அந்தத் தீர்மானம் அத்துடன் கைவிடப்பட்டது.