முதியோர் இல்லத்து முறைப்பாடும் அதன் விசாரணையும்

உண்பதற்கும் உடுப்பதற்கும் பிறர் கையை நம்பி வாழும் முதியோர், அக்கை தவறுமிடத்து யாரிடம் முறையிடுவர்? முறையிட்டபின் மறுநாள் உணவூட்டுவதும் அதே கையன்றோ? முதியோர் இல்லங்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் முறை எதுவாயினும், இவ்வச்சத்தை உணர்ந்தே அமைதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலச் சட்டம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஆண்டு இவ்வில்லங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சமூக சேவைத் திணைக்களத்துக்கு எவரும் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ முறையிடலாம். முறைப்பாடு கிடைத்த 10 நாட்களுள் உத்தியோகத்தர் இல்லத்துக்கு நேரிற் செல்லவேண்டும் என்பது பொதுவிதி. அவர் அங்கு சென்று சேருமுன் முறைப்பாட்டின் பொருள் நடத்துநருக்கு அறிவிக்கப்படுதல் கூடாது. முறையிட்டவர் வேண்டினாலன்றி அவர் பெயரும் வெளியிடப்படுவதில்லை. முந்திய விதி சான்றைக் காக்கின்றது. பிந்திய விதி மனிதரைக் காக்கின்றது.

இனி, விசாரணை நடைபெறும் வகையைக் காண்போம். இரவில் மணியடித்தும் எவரும் வரவில்லை என்பது முறைப்பாடெனக் கொள்வோம். முதியவரைத் தனியிடத்திற் கண்டு பேசுவதே முதற்பணி. பின்னர் அண்டை அறையினரையும் இராக்கடமைப் பணியாளரையும் வெவ்வேறாக வினாவுதல் வேண்டும். கடமைப் பட்டியலிற் கண்ட பெயர்கள் சம்பளப் பதிவிலும் உள்ளனவா என ஒப்புநோக்கல் வேண்டும். மருந்து கொடுக்கப்படவில்லை என்பது முறைப்பாடாயின், எஞ்சிய குளிகைகளை எண்ணிப் பதிவேட்டுடன் ஒத்துப் பார்த்தல் தகும். முப்பது நாட்களுக்கும் ஒரே மூச்சில் இட்டன போலத் தோன்றும் கையொப்பங்கள் ஐயத்தைத் தீர்ப்பனவல்ல, வளர்ப்பனவே. பதிவேடு பராமரிப்பன்று, பராமரிப்பைப் பற்றிய கூற்று மாத்திரமே. நினைவு தளர்ந்த முதியவரின் சொல்லையும் தள்ளிவிடலாகாது. நாளை மறந்தவர் நோவை மறப்பதில்லை. அவர் உடலிற் கண்ட காயமும் குறைந்துவரும் நிறையும் அவர் சார்பிற் பேசும்.

முடிவு மூவகைப்படும். சான்றின் நிறை முறைப்பாட்டின் பக்கம் சாய்ந்தால் அது நிறுவப்பட்டதாகும். நிகழ்ந்திருக்கக்கூடும், ஆயினும் போதிய சான்றில்லை எனின் நிறுவப்படாததாகும். பொய்யென்றோ நிகழ்ந்திருக்க இயலாதென்றோ காணப்பட்டால் ஆதாரமற்றதாகும். பின்னைய இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். அங்ஙனம் கொள்வது, சாட்சியின்றித் துன்புற்ற முதியவரைப் பொய்யர் எனத் தூற்றுவதாக முடியும்.

திணைக்களத்தினின்று வேறாகக் குறைகேள் அதிகாரியும் உளர். 1972இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இம்முறையை, 1978ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாநிலந்தோறும் கட்டாயமாக்கிற்று. குற்றங் காண்பது திணைக்களத்தின் பணி. முதியவர் வேண்டுவதை அறிந்து, அவர் இசைவுடன் அதனைப் பெற்றுக் கொடுக்க முயல்வது குறைகேள் அதிகாரியின் பணி.

தண்டம் விதித்தலோடு விசாரணையின் பயன் முடிவதன்று. அடுத்த இரவு அம்மணி ஒலிக்கும்போது ஒருவர் எழுந்து வருகின்றாரா என்பதே அதன் உரைகல்லாகும்.