கடைமடை – 9: சங்காயக் கூடைக்கு மேலே

"அத்தான், பறவை பார்க்கணும்னா ஏரிக்குப் போவாங்க, காட்டுக்குப் போவாங்க. மீன் ஏலம் விடுற எடத்துக்கு எதுக்கு?"

என் மைத்துனன் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான். போன வாரம் வடுவூர் ஏரிக்கு என்னோடு வந்தவன், சம்பா அறுவடை நேரத்தில் உரம் வாங்க ஆளில்லை என்று இந்த வாரமும் ஒட்டிக்கொண்டான். பதில் சொல்லாமல் அவனை நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்குக் கூட்டிப் போனேன். விடிய அரை மணி இருந்தது. கடுவையாற்று முகத்துவாரம் வழியாக விசைப்படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரர் குரல், டீசல் புகை. தை மாதத்து வாடை காதுக்குள் புகுந்து குடைந்தது.

படகு கட்டியதும் முதலில் இறங்குவது காசுள்ள மீன். வஞ்சிரமும் பாறையும் இறாலும் போனபிறகு தளத்தில் குவிந்து கிடப்பதற்குப் பெயர் சங்காயம். பொடிமீன், நண்டுக்குஞ்சு, நசுங்கிய இறால், பெயர் தெரியாத கடல் பூச்சி எல்லாம் கலந்த குவியல். உலர்த்தினால் கோழித் தீவனத்துக்குப் போகும். அதைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தலைக்கு மேலே, படகுக் கயிற்றில், நான் கை நீட்டினால் எட்டிவிடுவது போன்ற தொலைவில் வரிசையாகப் பதினான்கு கடற்காகங்கள்.

அவற்றில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். புறாவைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. சிவந்த அலகின் நுனியில் மை தொட்டதுபோலக் கறுப்பு. கால் சிவப்பு. கண் வெளிறியிருந்தது, அதனால்தான் அந்த முகத்தில் எப்போதும் ஒரு கோபம். கண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கறை. இறக்கையை விரித்தபோது கறுத்த நுனியில் இரண்டு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அந்தப் பொட்டை வைத்துத்தான் இது பழுப்புத்தலைக் கடற்காகம் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தலையில் பழுப்பு மருந்துக்கும் இல்லை. பங்குனி நெருங்கும்போதுதான் தலை பழுப்பேறும். ஏறியதும் கிளம்பிவிடும். திபெத்து, மத்திய ஆசியா என்று உயரத்து ஏரிகளில் போய்க் குஞ்சு பொரிக்கும். மாப்பிள்ளைக் கோலம் அங்கே. நமக்கு வாய்ப்பது பயணக் கோலம்.

"வாடை வந்தா இதுங்களும் வந்துரும்" என்றார் அந்த அம்மா, தலை நிமிராமலே. "எங்க ஊட்டுக்காரருக்கு முந்தி இதுங்களுக்குத்தான் நான் சோறு போடுறேன்." சொல்லிவிட்டு ஒரு பொடிமீனைப் பின்னால் வீசினார். அது தண்ணீரைத் தொடவில்லை.

ஆற்றுக்குமேலே செம்பருந்துகள் சுற்றின. என் மைத்துனன் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கருடன் அல்லவா! அடுத்த நொடி கருடன் இறங்கி, மிதந்துகொண்டிருந்த மீன் குடல் ஒன்றைக் காலால் வாரிக்கொண்டு பறந்தபடியே தின்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் பறவை பார்ப்பதில் ஒரு கூச்சம் உண்டு. எல்லோரும் வேலை செய்கிற இடத்தில் நாம் மட்டும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுமனே நிற்கிறோம். எங்களை ஏதோ ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து ஒருவர் டீசல் மானியம் பற்றிக் கேட்டார். பறவை பார்க்க வந்தோம் என்றதும் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "அந்தா, ஆலா போவுது பாருங்க" என்று காட்டினார். காக்கை அளவுள்ள உடம்பு, கொத்தமல்லிக் கட்டுபோலச் சிலிர்த்த கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. பெரிய கொண்டை ஆலாதான். அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, சங்காயம் வராது. கடற்காகங்களும் அப்போது இங்கே இருப்பதில்லை. மீன் இனப்பெருக்கத்தை வைத்து ஆட்கள் போட்ட கணக்கு அது. பறவையின் கணக்கு அதனோடு பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனால் அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னால் நம்பமாட்டார்.

வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வழி நெடுக அறுத்த வயல். அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்கும் மடையானும் கூலிக்கு வந்ததுபோல வரிசையாக நடந்தன. ஈரம் இருந்த தாக்குகளில் நத்தைக்குத்தி நாரை. நடுவில் இடைவெளி விழுந்த அதன் அலகைப் பார்த்து, "இது நம்ம பக்கத்து ஆளு, நத்தைய ஒழிக்க மருந்து விக்கிற எனக்குப் போட்டி" என்றான் உரக்கடைக்காரன்.

அகஸ்தியம்பள்ளியில் இறங்கினோம். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய இடம். நினைவுத் தூணைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். தை மாதத்தில் உப்பு இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போயிருக்கும். இப்போது நடப்பது ஆயத்த வேலை: வரப்பைக் கட்டுவதும், பாத்தியின் தரையை வெறுங்காலால் மிதித்து இறுக்குவதும். ஐந்து பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பாத்தி தள்ளி, அதே மாதிரி வரிசையில், நூற்றுக்கணக்கில் கொசு உள்ளான்கள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

உப்பளத்தில் பறவைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடல்நீர் முதலில் வந்து தேங்குகிற பெரிய நீர்த்தேக்கத்தில் மீன் இருக்கும். அங்கே ஆலாவும் நாரையும். அடுத்து நீர் சுண்டச் சுண்ட மீன் இல்லாமல் போய்ப் புழுவும் பூச்சியும் மிஞ்சும் பாத்திகளில் உள்ளான், பவளக்காலி, நெடுங்கால் உள்ளான். கடைசியாக உப்பு விளைகிற பாத்தியில் அநேகமாக எதுவுமே இல்லை. உப்புக்கொத்தி என்று ஒரு பறவைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அது உப்பைக் கொத்துவதில்லை, சேற்றுப் புழுவைத்தான் கொத்துகிறது. ஆனால் பெயர் வைத்தவர் உப்பளத்தில் நின்று பார்த்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

உப்பளத்தைத் தாண்டினால் கோடியக்கரைச் சதுப்பு நிலம். அதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒன்று கவனிப்பதில்லை. இங்கே ஓதம் சிறியது. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் காற்று. மழை முடிந்த கையோடு மார்கழியில் வந்தால் சதுப்பு முழுக்க ஆழத் தண்ணீர். குட்டைக்கால் பறவைக்கு நிற்க இடமிருக்காது. தையில் நீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்ததும் கூட்டம் பெருகும். அந்தத் தண்ணீரில் மழை உண்டு, கடல் உண்டு, டெல்டாவின் வடிகால்கள் கொண்டுவந்து தள்ளுகிற வயல் நீரும் உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது நமக்கு விவசாயக் காலண்டர். அந்த நீரின் மிச்சம் கடைமடையும் தாண்டி இங்கே வந்துதான் உப்புநீரைக் கொஞ்சம் தணிக்கிறது. ஆறு வராத ஆண்டில் சேறும் கரிக்கும், புழுவும் குறையும்.

பூநாரையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. காலண்டரிலும் சுற்றுலா விளம்பரத்திலும் வேண்டிய அளவு இருக்கிறது. அன்று தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பறந்தபோது கோடு சிவந்தது. அவ்வளவுதான். என் மனம் கொசு உள்ளானிடம்தான் நின்றது. எடை இருபத்தைந்து, முப்பது கிராம். ஒரு பெரிய எலுமிச்சம்பழம்கூட அதைவிடக் கனம். அது குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் துந்திரப் பிரதேசத்தில்.

இங்கே வருகிற பறவைகள் எங்கே போகின்றன என்பதை, காலில் மாட்டிய வளையம் சொன்னது. வளையத்தின் கதை நோயில் தொடங்குகிறது. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்து சிமோகா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. கிருமியைச் சோதித்தால், ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு மூளைக்காய்ச்சல் கிருமிக்கு அது நெருங்கிய உறவு. சைபீரியாவிலிருந்து வருகிற பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ? இந்தச் சந்தேகம் வந்ததால் உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில் இந்தியா முழுக்கப் பறவைகளைப் பிடித்து வளையமிட ஆரம்பித்தது. சந்தேகம் நிரூபணமாகவில்லை. ஆனால் பறவைகள் எங்கே போகின்றன என்பது தெரிய ஆரம்பித்தது. பிற்பாடு அமெரிக்க ராணுவத்தின் ஒரு பிரிவும் இதற்குப் பணம் தந்தது வெளியே வர, 1970களில் கிருமிப் போருக்கு ஒத்திகையா என்று டெல்லியில் நாடாளுமன்றம் வரை ரகளை. உள்ளானுக்கு இதெல்லாம் தெரியாது.

கோடியக்கரை அந்த வேலையின் முக்கியமான முகாம்களில் ஒன்றானது. பறவை பிடிக்கத் தெரிந்தவர்கள் பீகாரிலிருந்து வந்தார்கள். மீர்ஷிகார் என்று பெயர். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்ற குலம். அவர்களில் அலி உசேன் பெயர் பறவையியல் வட்டாரத்தில் பிரசித்தம். விற்பதற்காகப் பிடித்த அதே கை, இங்கே பிடித்து, அளந்து, எடை போட்டு, அலுமினிய வளையம் மாட்டி விடுவித்தது. வளையத்தில் ஒரு எண்ணும், கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். கழகத்தின் விஞ்ஞானி எஸ். பாலச்சந்திரன் இந்தக் கரையில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். பங்குனி, சித்திரையில் புறப்படுவதற்கு முன் இந்தக் குட்டிப் பறவைகள் மளமளவென்று கொழுப்பேற்றிக்கொள்கின்றன. அதைச் சேற்றில் நின்று கிராம் கணக்கில் அளப்பது சாதாரணப் பொறுமை அல்ல.

இன்னொரு விதமான பிடிப்பும் டெல்டாவில் உண்டு, அதை மறைத்து எழுதினால் பொய்யாகும். வாய்க்கால் ஓரத்தில் கண்ணி வைத்துப் பிடித்த கொக்கும் உள்ளானும் காலைக் கட்டிச் சாலையோரம் விற்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். 1972இன் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. இப்போது சாலையோரத்தில் காணோம். கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள்.

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் வேறு இடமே இல்லை. கல்கி வாசகர்களுக்கு இது பூங்குழலியின் ஊர். குழகர் கோயிலுக்குச் சுந்தரர் பாடியிருக்கிறார். கடற்காற்றில் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று சிவனிடம் வருத்தப்படுகிற பதிகம் அது. ஆந்தையும் கூகையும் அதில் வருகின்றன. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியோடு போயிற்று. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வந்தபோது காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்கள் செத்தன. சாய்ந்த பாலை மரங்களில் சில படுத்த வாக்கிலேயே துளிர்த்து நிற்பதை இப்போதும் பார்க்கலாம்.

மாலையில் படகுத்துறைக்குப் போகும் வழியில், காட்டின் ஓரத்திலிருந்து இரண்டு தெளிவான சீழ்க்கை. ஆளைப் பார்க்க முடியவில்லை. மைத்துனன் கைப்பேசியை எடுத்து மணி பார்த்தான்: ஐந்து ஐம்பத்தெட்டு. "ஆறுமணிக் குருவின்னு பேரு வெச்சது சும்மா இல்ல அத்தான்." இமயத்தின் அடிவாரத்திலிருந்து வந்து, இங்கே தங்கியோ, பாக் நீரிணையை ஒரே மூச்சில் தாண்டி இலங்கைக்குப் போயோ குளிர்காலம் கழிக்கிற தோட்டக்கள்ளன் அது. அக்கரை ஐம்பது, அறுபது கிலோமீட்டர்.

துறையில் கீற்றுக் கொட்டகைகள். இங்கே படகு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. நாகை மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களிலிருந்து ஐப்பசி வாக்கில் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டு, காலா, வாவல், நண்டு பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டேன்.

"பங்குனியில தம்பி. காத்து மாறிட்டா இங்க என்ன வேலை."

கரையில் கடற்காகங்கள் அவர் உதறிப்போட்ட நண்டுக்காலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இதுங்களும் பங்குனியில்தான் கிளம்பும் என்றேன்.

"அப்படியா?" என்று அவற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நாங்க போன பெறவு இதுங்க போவுதா, இதுங்க போன பெறவு நாங்க போறமான்னு கவனிச்சதில்ல தம்பி. கொட்டகை பிரிக்கிற அன்னிக்கு ஆயிரம் வேலை இருக்கும்." பிறகு வலையில் சிக்கிய ஒரு நண்டை விடுவிப்பதில் இறங்கிவிட்டார்.

வேதாரண்யத்துக்குக் கடைசிப் பேருந்து வர இருபது நிமிடம் இருந்தது. மைத்துனன் என் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்தான். நான் கூப்பிட்டபோது அவனுக்குக் காதில் விழவில்லை.