தசமத்தின் அருமை

சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்பிற்கு மட்டுமன்றி இழப்பிற்கும் பொருந்தும். கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தை, பங்குகளின் விலைநிலையைக் காட்டும் குறியெண் ஒன்றை 1982ஆம் ஆண்டு 1000 எனத் தொடங்கிற்று. அதனைக் கணித்த கணிப்பொறி, ஒவ்வொரு முறையும் மூன்று தசம இடங்களுக்கு மேற்பட்டவற்றை வெட்டி எறிந்து, எஞ்சியதையே அடுத்த கணக்கிற்கு அடியாகக் கொண்டது. நாள்தோறும் ஏறத்தாழ 3000 முறை இங்ஙனம் நிகழ்ந்தது. பங்குகளின் விலை மொத்தத்தில் உயர்ந்திருந்தும், 1983 நவம்பரில் குறியெண் 524.811 ஆகத் தாழ்ந்து நின்றது. பிழையைக் கண்டு திருத்தியபோது அது 1098.892 ஆயிற்று! ஆதலின், தரவுத்தளத்தில் எண்களைப் பதிந்து வைப்போர், வேண்டிய தசம இடங்களை முன்னரே ஒதுக்குதல் வேண்டும். முழுமையாக்கலை இறுதி விடையில் மட்டுமே செய்தல் வேண்டும். இடைவழியில் எறிந்த பின்னம் மீண்டு வாராது.