பழைய போட்டோ

சமையலும் காதலும் கலந்த சிரிப்புப் படம் என்றால் நம்மில் யாருக்குத்தான் பிடிக்காது? பிரகாஷ்ராஜ் இயக்கி நடித்த ‘உன் சமையலறையில்’ அந்த ரகம். 2014-ல் வந்தது. மலையாளத்தில் 2011-ல் வந்து நன்றாக ஓடிய ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படக் கதைதான். வந்த புதிதில் தியேட்டரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சமீபத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அக்காவும் நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தோம்.

ஆரம்பப் பாட்டே சாப்பாட்டுப் பாட்டு! கதாநாயகன் சாப்பாட்டுப் பிரியர். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தில் மயங்கி, பெண்ணை விட்டுவிட்டு அந்த வீட்டு சமையல்காரரைக் கையோடு அழைத்து வந்துவிடுகிறார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கதாநாயகி சிநேகாவுக்கு டப்பிங் வேலை. தோசைக்கு ஆர்டர் கொடுக்கப் போன் போட்டால், நம்பர் மாறி இவரிடம் போய்விடுகிறது. முதலில் சண்டை. அப்புறம் சமையல் பேச்சு. பேசிப் பேசியே பிரியம் வந்துவிடுகிறது. ஆனால் நேரில் பார்க்க வேண்டிய நாளில் இரண்டு பேருக்கும் பயம். வயசு தாண்டிப் போச்சே, என்னைப் பார்த்தால் பிடிக்குமா என்று, இவர் ஒரு இளவட்டப் பையனை அனுப்ப, அவள் இன்னொரு பெண்ணை அனுப்ப, ஒரே குளறுபடி!

டப்பிங் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘96’ படத்தில் (2018) த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தது பாடகி சின்மயி. சிம்ரன், ஜோதிகாவுக்குப் பல படங்களில் பேசியவர் சவிதா ரெட்டி. முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு. நட்சத்திரங்களின் முகத்துக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள், தன் குரலுக்கு இன்னொருத்தியின் முகத்தை அனுப்பி வைக்கிறாளே! எனக்குச் சிரிப்பாக இருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “நானும் அதைத்தானேடி பண்ணிட்டிருக்கேன்” என்றாள்.

சுருக்கென்றது. அக்காவுக்கு 39 வயது. தோஷ ஜாதகம் என்று வரனெல்லாம் தட்டிப் போக, “நீங்க சின்னவளை முடிச்சுடுங்கப்பா” என்று எனக்கு வழி விட்டவள். அவள் வைக்கும் வத்தக்குழம்புக்காகவே வரும் உறவுக்காரர்கள் உண்டு. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, “இத்தனை கைமணம் இருந்து என்ன, ஒரு இடம் அமையலையே” என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

தரகரிடம் இருக்கும் அவள் போட்டோ, 12 வருடத்துக்கு முன் என் கல்யாணத்தில் எடுத்தது. ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்தவள் நான்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதை நம்பி இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள். “போட்டோவுல வேற மாதிரி இருந்துதே” என்று கிளம்பிப் போனார்கள். அன்று அவர்களைத்தான் திட்டினேன். ‘இப்ப இருக்கிற நீ போதாது’ என்று அவளிடம் முதலில் சொன்னது நான்தான் என்பது இந்தப் படம் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அக்கா தினம் கட்டும் நூல் புடவையில் ஒன்றைத்தான் கட்டிக்கொண்டாள். போட்டோ எடுத்த பையன், “நரையைக் கம்ப்யூட்டர்ல கறுப்பாக்கிடவா அக்கா?” என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், “வேணாம் தம்பி, அப்படியே இருக்கட்டும்” என்றாள் அக்கா.

புதுப் போட்டோ தரகரிடம் போயாச்சு. பழையதை வாங்கி ஆல்பத்தில் ஒட்டிவிட்டேன். இடம் அமையுமோ அமையாதோ, ‘போட்டோவுல வேற மாதிரி’ என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தோழிகளே, உங்கள் வீட்டு அக்காவோ நாத்தனாரோ இப்படிக் காத்திருந்தால், தரகரிடம் எந்தப் போட்டோ இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்களேன்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.