கடைக் கணக்கு: டெஸ்க்டாப்பிலா, பிரவுசரிலா?

சிறு வியாபாரம் செய்யும் நண்பர்கள் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் என்னிடம் கேட்பது, "பில் போடவும் கணக்கு எழுதவும் எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" என்பதுதான். முன்பெல்லாம் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கு யோசனை சொல்லி மாட்டிக் கொண்ட பிறகு அப்படிச் சொல்வதில்லை.

புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கணக்கு சாப்ட்வேர்கள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்று, உங்கள் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்து இயக்குவது. டேலி இந்த வகை. புரோகிராமும் கணக்கும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். மற்றொன்று, குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசரைத் திறந்து, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்று பயன்படுத்துவது. ஜோஹோ புக்ஸ் இந்த வகை. இதில் கணக்கு எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் அதைக் காட்டும் ஜன்னல்தான்.

என் மைத்துனர் கடையில் பல வருடங்களாக டேலி. பில் போடுபவர் ஓர் அக்கா. 14 வருடங்களாக அதே நாற்காலி. திரையைப் பார்க்காமலேயே டைப் செய்வார். 2022ல் ஒரு நாள் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போனது. பேக்கப் எடுத்து வைத்த பென் டிரைவைத் தேடி எடுத்துப் பார்த்தால், கடைசியாக எடுத்தது 47 நாட்களுக்கு முன். அந்த அக்கா கார்பன் காப்பி பில்களை வைத்துக் கொண்டு 11 நாட்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்தார்.

"இனிமேல் இந்தத் தொல்லை வேண்டாம், பிரவுசர் சாப்ட்வேருக்கு மாறிவிடு" என்றேன். என் பேச்சில் நியாயம் இருந்தது. பேக்கப் வேலையை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள். புதிய பதிப்பு வந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வீட்டில் இருந்தபடியே அன்றைய விற்பனையைப் பார்க்கலாம். "சரி அத்தான், நீங்க சொன்னா சரி" என்று மாறிவிட்டார்.

2023 ஆவணி. முகூர்த்த நாட்கள் நெருக்கமாக இருந்த வாரம். ஒரு குடும்பம் சீர்வரிசைப் பாத்திரம் எடுத்திருந்தது, 38 அயிட்டம். எடை, விலை என்று ஒவ்வொன்றாக அடித்து முடித்த அக்கா, பழக்கத்தில் கண்ட்ரோல் + ஏ அழுத்தினார். டேலியில் அது பதிவை ஏற்றுக் கொள்ளும் கட்டளை. பில் சேவ் ஆகிவிடும். பிரவுசரிலோ அது இருப்பதை செலக்ட் செய்யும், அவ்வளவுதான். பில் முடிந்தது என்று நினைத்தவரிடம் லோடுமேன் கூலி கேட்டு நின்றார். உடனே எப்5. டேலியில் எப்5 என்றால் பேமென்ட் வவுச்சர். பிரவுசரில் எப்5 என்றால் பக்கத்தைப் புதிதாக ஏற்று என்று பொருள். 38 அயிட்டமும் காணாமல் போய், வெறும் படிவம் வந்து நின்றது. சேவ் செய்யவில்லையே என்று ஓர் எச்சரிக்கைகூட அந்த சாப்ட்வேர் தரவில்லை.

மறுபடி ஒரு முறை அடித்தார். பெண் வீட்டார் சலித்துக் கொண்டது, பின்னால் நின்றவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனது எல்லாம் மைத்துனர் போனில் சொன்னார். மறுநாள் நான் போனபோது அக்கா என்னிடம் சொன்னது இது: "சார், 14 வருஷத்துல ஒரு பில்லு தப்பினதில்ல. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியலன்னு முதலாளி நினைக்கிறாரு. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுங்க." எனக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. தவறு அவருடையது அல்லவே! எப்5 கீ மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். அது ஒரு வைத்தியமா என்றால், இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேலியில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்திற்குப் போகும். பிரவுசர் படிவங்களில் அடுத்த கட்டத்திற்குப் போக டேப் கீ. என்டர் தட்டினால் பாதிப் படிவம் அப்படியே அனுப்பப்பட்டுவிடலாம். டேலியில் எப்12 கான்பிகரேஷன். குரோமில் எப்12 தட்டினால் புரோகிராமர்களுக்கான கோடுகள் நிறைந்த ஒரு பகுதி திறந்து பயமுறுத்தும். நன்றாக எழுதப்பட்ட பிரவுசர் சாப்ட்வேர்கள் எப்5, எப்12 போன்றவற்றைத் தம் வேலைக்கு மாற்றிக் கொள்கின்றன. ஆனால் கண்ட்ரோல் + டபிள்யூ போன்ற சில கீகளை பிரவுசர் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. அழுத்தினால் அந்த டேப் மூடிக் கொள்ளும்.

அடுத்தது பிரிண்டிங். இன்ஸ்டால் செய்த புரோகிராம் பிரிண்டருக்கு நேரடியாக எழுத்துகளை அனுப்பலாம். கார்பன் வைத்த டாட் மேட்ரிக்ஸ் பில் கடகடவென்று வரும். பிரவுசர் பக்கத்தைப் படமாக்கி அனுப்புவதால் அதே பிரிண்டர் ஊர்ந்து செல்லும். ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்ட் விண்டோ வேறு திறந்து ஓகே கேட்கும். ஒரு நாளைக்குப் பத்து பில் போடுபவருக்கு இது பெரிதல்ல. இருநூறு பில் போடுபவருக்கு?

பிரவுசர் சாப்ட்வேர் என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் எப்போதும் இயங்கும் என்றும் நினைக்க வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே இயங்கும்படி எழுதப்பட்ட அலுவலக சாப்ட்வேர்கள் ஒரு காலத்தில் ஏராளம். 2022 ஜூன் 15ல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10ல் அந்த பிரவுசருக்கான ஆதரவை நிறுத்தியபோது, எட்ஜ் பிரவுசரில் அதற்கென்று வைத்த தனி வசதியை நாட வேண்டியிருந்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பில் போடும் கவுண்டருக்கு டேலியையே திரும்பக் கொண்டு வந்தோம். அதில் ரிப்போர்ட்டுகளை மட்டும் பிரவுசர் வழியே பார்க்கும் வசதி இருக்கிறது. சந்தா நடப்பில் இருக்க வேண்டும். கடையில் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டு இன்டர்நெட்டில் இருக்க வேண்டும். மைத்துனருக்கு வேண்டியது அதுதானே, வீட்டிலிருந்து பார்ப்பது! பேக்கப்பிற்கு இரண்டு பென் டிரைவ்: ஒன்று கடையில், ஒன்று அவர் வீட்டில். தினமும் மாற்றிக் கொள்கிறார்கள். அக்கா அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

ஆனால் இரண்டு ஊரில் கடை வைத்து, ஒரே ஸ்டாக்கைப் பார்த்து இரண்டிலும் பில் போட வேண்டும் என்றால் நான் பிரவுசர் வகையைத்தான் சொல்வேன். டெஸ்க்டாப் புரோகிராமை அப்படி இணைப்பதில் செலவும் தலைவலியும் அதிகம். சேவை செய்பவர்கள், மாதம் முப்பது பில் போடுபவர்கள், வெளியூர் ஆடிட்டரிடம் கணக்கைக் காட்டுபவர்களுக்கும் அதுவே சுலபம்.

எதை எடுத்தாலும் முதலில் டெமோ பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் தினமும் உட்காரப் போகிறவரை உட்கார வையுங்கள். முதலாளி உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை. மவுஸைத் தொடாமல் நாற்பது அயிட்டம் உள்ள ஒரு பில்லை அடிக்கச் சொல்லுங்கள். பாதியில் எப்5 தட்டுங்கள். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அடித்தது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பிரவுசர் வகை என்றால், சந்தாவை நிறுத்தினால் முழுக் கணக்கையும் எக்செல் பைலாக எடுத்துக் கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள். டெஸ்க்டாப் வகை என்றால், ஒரு பேக்கப்பை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். எங்கள் பென் டிரைவை முதல் மாதமே அப்படித் திறந்து பார்த்திருந்தால், அந்த 11 நாட்கள் வந்திருக்காது.